நான்காவது பக்கத்துக்கு ஒரு துண்டு

தம்பி,

மழைக்கு முன்பு, ஒரு நாள் காலையில், நீ ஃபோனில் என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்தாய். உன் கல்யாணம் முடிந்ததும் நானும் அம்மாவும் பதுளையை விட்டுக் கொழும்புக்கு, வெள்ளவத்தைக்கு வந்து, உன்னோடும் திவ்யாவோடும் இருந்துவிட வேண்டும் என்றாய். எங்களுக்கென்று ஓர் அறை இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கத்தில் என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா அப்பா, அம்மாவோட துணி மூட்டையெல்லாம் இங்க வைக்க எடமில்ல. நீங்கதான் பேசணும். நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாய். அந்தக் கடைசி வரி உறுதிப்படுத்தப்படாத செய்தி. இருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்டேன். ஊவா மாகாணத்தில் இத்தனை காலம் செய்தி சேகரித்தவன் நான். மொனராகலையில் கரும்பு வாடுவதைப் பற்றி எழுதியிருக்கிறேன், தோட்டங்களில் கூரை பறந்ததைப் பற்றி எழுதியிருக்கிறேன். என் கட்டிலுக்கு அடியில் இருப்பது என்ன, அது ஏன் அங்கே இருக்கிறது என்று மட்டும் யாரிடமும் கேட்டதில்லை. நீ சொன்ன பிறகு கேட்கத் தொடங்கினேன். கேட்டதில் என்ன தெரிந்தது என்பதுதான் இந்தக் கடிதம். இதை எல்லோரும் படிக்கும்படி வெளியிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "போடுங்க. படிச்சிட்டு யாராச்சும் துணி கேட்டு வந்தா நல்லதுதானே" என்றாள்.

அம்மா துண்டுத் துணியில் போர்வை தைப்பவள் என்பது உனக்குத் தெரியும். அப்படி ஒன்றைப் போர்த்திக்கொண்டுதான் நீ பள்ளிக்கூடம் போன காலம் முழுக்கத் தூங்கினாய். சிறு துண்டுகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, அடியில் பழைய சேலையை மடித்துப் போட்டு, கையாலேயே நெருக்கமாகத் தைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு போர்வை முடிய ஒரு மழைக்காலம் பிடிக்கும். உனக்குத் தெரியாதது, அவளிடம் இருக்கும் துணியின் அளவு. கட்டிலுக்கு அடியில் உரப்பைகளில் இருக்கிறது. அலுமாரியின் மேல், நீ பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன பெட்டியில் இருக்கிறது. குக்கர் வாங்கியபோது வந்த அட்டைப் பெட்டியில் இருக்கிறது. உன் படிப்பு மேசையின் இழுப்பறையில் கணக்குப் புத்தகங்கள் இருந்த இடத்தில் இப்போது பச்சை மட்டும் இருக்கிறது: இளம்பச்சை, கரும்பச்சை, பாசி நிறம், தேயிலைக் கொழுந்தின் நிறம். ஆடைத் தொழிற்சாலைகளில் வெட்டி மிஞ்சியது, தையல்காரர் கொடுத்தது, நாலைந்து வருஷம் உடுத்திக் கிழிந்த சேலை, உன் பாடசாலைச் சீருடையில் மிஞ்சிய வெள்ளை என்று எல்லாமே உண்டு. மிச்ச வாழ்நாள் முழுவதும் வேறு வேலையே செய்யாமல் தைத்தாலும் இதில் பாதி தீராது. இதை நான் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. "தீராதுதான்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

முதலில் நான் ஒரு யோசனை சொன்னேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்து மூன்று குவியலாகப் பிரிப்போம்: வைத்துக்கொள்வது, கொடுத்துவிடுவது, எறிவது. அவள் உடனே ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை முழுவதும் நடு அறையில் உட்கார்ந்து பிரித்தோம். ஒவ்வொரு துண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, தடவிப் பார்த்து, இது இன்னார் வீட்டுக் கல்யாணத்தில் வந்தது, இது சாயம் போகாது, இந்த மாதிரி நீலம் இப்போது வருவதில்லை என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். பொழுது சாயும்போது வைத்துக்கொள்ளும் குவியல் அறையை நிறைத்திருந்தது. கொடுத்துவிடும் குவியலில் ஒரு பனியன் துணி, அதுவும் திரும்ப எடுக்கப்படும் நிலையில். எறியும் குவியலில் ஒரே ஒரு பொருள்: நான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கும் சட்டை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு சந்தைக்குப் போனேன். காய்கறி வாங்குவதற்கு இத்தனை நேரம் ஏன் என்று நான் நினைத்ததுண்டு, ஆனால் கூடப் போனதில்லை. சந்தையின் பின்பக்கத்தில், தொழிற்சாலைகளில் வெட்டி ஒதுக்கிய துணியைச் சாக்குச் சாக்காகக் கொட்டி நிறுத்து விற்கிறார்கள். அங்கே புஷ்பம் ஏற்கெனவே குனிந்து கிளறிக்கொண்டிருந்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், நம் வீட்டுக்கு மேலே தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருப்பவள், முட்டி வலி வரும்வரை ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவள். அம்மா வியாபாரியிடம் சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எழுந்தபோது ஒரு பொட்டலம் இருந்தது. வழியில் அந்தப் பொட்டலம் புஷ்பத்தின் கைக்குப் போனது. நான் கேட்டபோது இருவரும் சிரித்துவிட்டார்கள். வாங்கும் துணி நேராக நம் வீட்டுக்கு வருவதில்லையாம். புஷ்பத்தின் காம்பராவில், அந்த ஒற்றை அறையில் தங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காய்கறிப் பையில் லீக்ஸ் கட்டுக்கு அடியில் வந்து சேருமாம். பல வருஷமாக அந்தப் பையை வாங்கி அடுக்களையில் வைத்தவன் நான்தான்.

"ஏன் ஒளிக்கணும்? நான் எப்பவாச்சும் வேணாம்னு சொன்னேனா?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லலண்ணே. பாப்பீங்க" என்றாள் புஷ்பம்.

அதோடு நிறுத்தவில்லை. "அண்ணே, நீங்க ஊரெல்லாம் போய்க் கேட்டுக்கிட்டு வர்றீங்களே, அத்தனையும் பேப்பர்ல போடுறாங்களா?" என்றாள். பாதிகூடப் போடமாட்டார்கள் என்றேன். "அப்ப மிச்சத்த எதுக்குக் கேட்டீங்க?" என்றாள். எது தேவைப்படும் என்று கேட்கும்போது தெரியாது என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள், அம்மா லீக்ஸைப் பார்த்தாள். நான் பையை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் அது தேவைப்படும். போன தீபாவளிக்கு நாங்கள் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மா வடை சுட்டாள். ஒரு தட்டில் வைத்து மூடி, எதிர் வீட்டுக்குக் கொடுக்கக் கதவைத் திறந்தாள். நீ, "வேணாம்மா, யாருன்னு தெரியாது" என்றாய். எத்தனை காலமாக எதிரில் இருக்கிறார்கள் என்று கேட்டாள். நீ குடிவந்த நாளிலிருந்து என்றாய். அவள் தட்டைத் திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நீ தவறு செய்தாய் என்று சொல்லவரவில்லை. லிஃப்டில் ஏறி இறங்கும் வாழ்க்கையில் யார் யாரை எதற்காகப் பார்ப்பது? நானும் அப்போது அதைக் கவனிக்கவில்லை, வடையைத்தான் கவனித்தேன்.

பிறகு மழை வந்தது. நாட்கணக்கில் விடாமல் பெய்தது உனக்குத் தெரியும், நீ மணிக்கொரு தடவை ஃபோன் செய்தாய். ஒரு நாள் காலையில் கிராம சேவகர் குடையோடு வந்து, மேலே தோட்டத்து ரோட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது, நம் வரிசை வீடுகளும் லயமும் உடனே காலியாக வேண்டும், பாடசாலைக்குப் போங்கள் என்றார். மீரியபெத்த தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதைந்தபோது அங்கே போய் நின்றவன் நான். ஆகவே ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. காணி உறுதியையும் அடையாள அட்டைகளையும் மாத்திரைகளையும் நான் எடுத்துக்கொண்டேன். உடுதுணி மூட்டையை அம்மா எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். மழையில் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கியது நான்தான். எங்கள் இரண்டு பேருடைய மாற்றுத்துணிக்கு இவ்வளவு கனமா என்று நினைத்தேன், கேட்கவில்லை.

பாடசாலை மண்டபத்தில் மூட்டையை அவிழ்த்தபோது உள்ளே ஒரு மாற்றுச் சேலை இல்லை, எனக்கு ஒரு சாரம் இல்லை. முழுவதும் துண்டுத் துணி. மேலாக, பாதி சேர்த்து முடித்த போர்வை ஒன்று மடித்து வைத்திருந்தது. அது உன் கல்யாணத்துக்கு என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் புஷ்பம் நனைந்த சாக்கோடு வந்தாள். அவள் சாக்கிலும் அதேதான். அவளுக்குப் பின்னால் சித்ரா டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்ற பிறகும் நம் ஒழுங்கையிலேயே தங்கிவிட்டவர். அவருடைய சூட்கேஸைத் திறந்தால் இஸ்திரி போட்டு நிறவாரியாக அடுக்கிய துணி. மூன்று பேரும் ஒருவர் மூட்டையை ஒருவர் பார்த்தார்கள். மண்டபத்தில் பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தன, ஆகவே பெரிய துண்டுகளை முதலில் அவர்களுக்குப் போர்த்தினார்கள். சாக்குகள் வயதானவர்களுக்குத் தலையணை ஆயின. அதன் பிறகு, இருக்கிற நேரத்தில் போர்வையையாவது முடிக்கலாம் என்று அம்மா உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. மூன்று பேரில் ஒருவரும் ஊசி கொண்டுவரவில்லை.

"நான் கொண்டு வருவன் எண்டு நீங்க நினைச்சனீங்களோ?" என்று டீச்சர் கேட்டார்.

"டீச்சர்தானே எல்லாத்துலயும் ஒழுங்கு" என்றாள் அம்மா.

"ஒரு பேக்டரி தொறக்குற அளவுக்குத் துணி இருக்கு. ஊசி இல்ல. நம்மளக் காப்பாத்த வந்தவங்க இதக் கேட்டா திரும்பக் கொண்டுபோய் மண்ணுக்குள்ள விட்டுருவாங்க" என்றாள் புஷ்பம். பயத்தில் இருந்த அந்த மண்டபத்தில் முதலில் கேட்ட சிரிப்பு அதுதான்.

ஊசி தேடி நான் வகுப்பறை வகுப்பறையாகப் போனேன். விசாரிப்பது எனக்குத் தெரிந்த தொழில். கடைசியில் குசுமா என்கிற சிங்களப் பெண்ணிடம் ஓர் ஊசி கிடைத்தது. சந்தையில் கீரை விற்பவர், ஒழுங்கையின் மறுமுனையில் குடியிருப்பவர். இடுப்புப் பையில் நூல் சுற்றிய அட்டையில் குத்தி வைத்திருந்தார். கொடுத்தார், ஆனால் தொலைந்துவிடும் என்று பயந்து ஊசியின் பின்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும், அம்மாவுக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும். ஒரே ஊசியால் நான்கு பேரும் மாறி மாறித் தைத்தார்கள். வெளியே மழை நின்று நின்று பெய்துகொண்டிருந்த அந்த நாட்களில் போர்வையின் நடுப்பகுதி முடிந்தது. சுற்றிலும் கரை வைக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் நான் இந்த விசாரணையில் தேடிக்கொண்டிருந்தது என் கண் முன்னால் நடந்தது. அம்மா தன் மூட்டையைத் தொடவே இல்லை. புஷ்பத்திடம் ஒரு நீளத் துண்டு கேட்டாள், டீச்சரிடம் ஒன்று கேட்டாள். பிறகு குசுமாவிடம் திரும்பி, உங்களிடம் ஏதாவது துணி இருக்கிறதா என்று கேட்டாள். அந்தப் பெண் மலைத்துப்போனார். இவ்வளவு துணிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, உடுத்திய உடையோடு வந்த தன்னிடம் கேட்கிறாளே என்று சிரித்தார். எனக்கும் அதே எண்ணம்தான்.

"இவ்வளவு வச்சிக்கிட்டு அந்தம்மாகிட்ட ஏன் கேக்குற?" என்றேன்.

"கரை நம்ம துணியா இருக்கக் கூடாதுங்க. நாலு பக்கமும் நாலு வீட்டுத் துணி வரணும்."

"யார் சொன்னது?"

"எங்க பூனாகலை லயத்துல அப்படித்தான். கேட்டுத்தான் முடிக்கணும்."

"இத்தன வருஷமா எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

குசுமா மழைக்குத் தலையில் கட்டியிருந்த நீலக் கட்டம் போட்ட துணியை அவிழ்த்தார். பழசு, நிறம் போய்விட்டது என்று கூச்சப்பட்டார். அம்மா அதை வாங்கி ஓரத்தில் நீளமாக ஒரு துண்டு கிழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மூன்று பக்கம் ஆனது.

அம்மா பிறந்து வளர்ந்த பூனாகலை லயத்தில், பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்கும் சண்டையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் பேசாமல் இருப்பது சாதாரணமாம். ஆனால் போர்வை முடிக்க வேண்டுமென்றால் யாரிடமாவது போய் நின்று கேட்டாக வேண்டும். கேட்டு வருகிறவரிடம் இல்லை என்று சொல்லக் கூடாது. அவருக்கு என்ன நிறம் தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாது, ஆகவே எல்லா நிறமும் வீட்டில் இருக்க வேண்டும். இதுதான் அவள் சொன்ன காரணம். நான் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பூனாகலையில் உன் மாமாவுக்கு ஃபோன் செய்தேன், ஆமாம் என்றார். அதே தோட்டத்தில் வேறொரு பிரிவில் பிறந்த ஒரு பெண்ணைக் கேட்டேன், அப்படி ஒரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்றாள். சித்ரா டீச்சர், "எங்கட பக்கம் இப்பிடி ஒண்டும் இல்லை அண்ணை. இஞ்ச வந்து பழகினது. இப்ப விடேலாமல் கிடக்கு" என்றார். ஆகவே இது ஒரு தோட்டத்தின் வழக்கமா, ஒரே ஒரு லயத்தின் வழக்கமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொன்றும் சொன்னால்தான் அறிக்கை நேர்மையாக இருக்கும். கேட்டு வருகிறவர்களுக்கு என்றால் ஒரு சாக்கு போதுமே, மற்றதெல்லாம் எதற்கு என்று அம்மாவை மடக்கினேன். "மிச்சம் ஆசைங்க" என்றாள்.

இதை நீ மனதில் வைத்துக்கொள். திவ்யாவிடமும் உனக்குப் புரியாத ஏதாவது ஒன்று இருக்கும், சாக்குச் சாக்காக. அதற்கு அவளிடம் பாதி காரணமும் பாதி ஆசையும் இருக்கும். இரண்டையும் கேள். ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதாலேயே தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வது சுலபம். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் வீடு திரும்பியபோது மண் பின்சுவர்வரை வந்து நின்றிருந்தது. உள்ளே எதுவும் ஆகவில்லை. கட்டிலுக்கு அடியில் மூட்டைகள் நனையாமல் இருக்கின்றனவா என்று முதலில் குனிந்து பார்த்தது நான். அதிகாரிகள் வந்து பார்த்து, இப்போதைக்கு இருக்கலாம், பலத்த மழை என்றால் வெளியேறிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு நீ ஃபோனில், "இன்னும் எதுக்குப்பா அங்க இருக்கீங்க?" என்று கேட்டாய். நீ கேட்டது சரி. அந்த மலைச்சரிவை நான் தினமும் பார்க்கிறேன். மூட்டை கதவருகே கட்டித் தயாராக இருக்கிறது, இந்த முறை அதில் ஊசியும் இருக்கிறது. ஆனால் போன வாரம் குசுமா நம் வீடு தேடி வந்தார். அவரும் ஒரு போர்வை தொடங்கியிருக்கிறாராம், கரைக்கு மஞ்சள் வேண்டுமாம். அம்மா எழுந்து போய், குனிந்து, பார்க்காமலே ஒரு சாக்கை இழுத்து, கை விட்டு மஞ்சளை எடுத்தாள். அவள் முகத்தை அப்போது நீ பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது, உன் வீட்டில் மூட்டை வைக்க இடமில்லை என்பது அவளுக்குப் பெரிய தடை இல்லை. மூட்டையை விட்டுவிட்டுக்கூட வருவாள். அங்கே யார் வந்து கேட்பார்கள் என்பதுதான் அவள் கவலை.

நேற்று அவளிடம் நேரடியாகக் கேட்டேன், போவோமா, இருப்போமா என்று. போர்வையை மடியில் விரித்து வைத்திருந்தாள். ஒரு பக்கம் புஷ்பத்தின் ரோஸ், ஒரு பக்கம் டீச்சரின் சாம்பல், ஒரு பக்கம் குசுமாவின் வெளுத்த நீலம். நான்காவது பக்கம் தைக்காமல் நூல் பிரிந்து கிடந்தது. அதற்கும் இந்த ஒழுங்கையிலேயே யாரிடமாவது வாங்கியிருக்கலாம்.

"இத இப்படியேதான் கொடுக்கப்போறேன்" என்றாள். "தம்பிய அந்த எதுத்த வீட்டுல ஒரு துண்டு துணி கேட்டு வாங்கச் சொல்லுங்க. அவன் வாங்குனான்னா நான் வர்றேன். ஒரு சாக்குதான் கொண்டு வருவேன்னும் சொல்லுங்க."

"எதிர் வீட்டுக்காரங்க இல்லன்னு சொல்லிட்டா?"

"பக்கத்து வீடு இருக்கு. மேல் மாடி இருக்கு. ஒரு கட்டடம் பூரா கேட்டும் ஒரு துண்டு கிடைக்கலன்னா, அங்க வந்து நான் என்ன செய்யப்போறேன்?"

நீ ஒப்படைத்த வேலையை என்னால் இவ்வளவுதான் செய்ய முடிந்தது, தம்பி. மீதி உன் பக்கம். கல்யாணத்துக்கு வரும்போது போர்வையைக் கொண்டு வருகிறோம். அது ஒரு பக்கம் முடியாமல் இருப்பதைப் பார்த்து உறவுக்காரர்கள் ஏதாவது சொல்வார்கள், சொல்லட்டும். எல்லோரும் போன பிறகு, ஒரு சாயங்காலம், நீயும் திவ்யாவும் அந்தக் கதவைத் தட்டுங்கள். திறப்பவருக்கு முதலில் ஒன்றும் புரியாது, குசுமாவுக்கும் புரியவில்லை. உன் பெயரைச் சொல், எத்தனை காலமாக எதிரில் இருக்கிறாய் என்று சொல், பிறகு கேள். பழைய துணியாக இருக்கலாம், நிறம் எதுவாகவும் இருக்கலாம். நாலு விரல் அகலம் இருந்தால் போதும், நீளம் குறைந்தால் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்கிறாள் அம்மா. துணி கிடைத்ததும் ஃபோன் செய். ஊசியை நாங்கள் கொண்டு வருகிறோம்.

அப்பா
பதுளை